ஒன்பதாவது சிலிண்டரில் தண்ணீர்

மேடையில் வீற்றிருக்கும் ரயில் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நாற்காலி போதாமல் தண்டவாளத்து ஓரம் வரை நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, முதல் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நம் தலைமை ஃபிட்டரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டியவன் நான். என் சார்பில் ஹாரன்தான் பேசியிருக்கிறது. இன்று அதுவும் துணைக்கு இல்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமை ஃபிட்டர் போய் இன்றோடு பதினெட்டு நாள். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்து அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்தேன். ஷெட் செருப்பு வேறு, வீட்டுச் செருப்பு வேறு அவருக்கு. அதை எங்கே எடுத்து வைப்பதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

யார் இந்த மனிதர்? தலைவர் சொன்னார், தொண்டர் என்று. செயலாளர் சொன்னார், மாமேதை என்று. இரண்டும் சரிதான். ஆனால் நமக்கெல்லாம் அவர் யார்? ரெண்டு சுத்து! அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பின்னால் நிற்கிறதே இந்த டீசல் இஞ்சின், இது பழைய இரும்புக்குப் போக இருந்தது. டிரைவர் சீட்டில் செடி முளைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "இதுக்கு உசுரு வராது" என்று திரும்பினோம். அவர் மட்டும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஐந்தாவது வருடம் இது புகை விட்டது.

பட்டப்பெயர் எப்படி வந்தது என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். பல நாள் சும்மா நின்ற டீசல் இஞ்சினை, வந்தோம், பட்டனை அமுக்கினோம் என்று ஸ்டார்ட் செய்யக் கூடாது. எங்கோ கசிந்த தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் உள்ளே இருக்கும் ராடு வளைந்துவிடும். அதனால் பன்னிரண்டு சிலிண்டரிலும் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்துவிட்டு, ஆள் உயர இரும்புக் கம்பியைச் சொருகி, இஞ்சினைக் கையாலேயே சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் திருகு வழியாகத் துப்பிவிடும். ஒருவர் கம்பியை இழுக்க வேண்டும், ஒருவர் திருகுகளைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் பாதி சிலிண்டர்களின் லட்சணம்தான் தெரியும். மீதிப் பாதிக்கு இரண்டாவது சுற்று வேண்டும்.

இரண்டு சுற்று. மழையானாலும் இரண்டு சுற்று, வெயிலானாலும் இரண்டு சுற்று, நேற்றுத்தான் ஓடியது என்றாலும் இரண்டு சுற்று. எனக்கு முதுகு கழன்றுவிடும். "அண்ணே, இது இஞ்சினா செக்கா?" என்று கேட்டால், "செக்குன்னா எண்ணெயாவது மிஞ்சும், இழு டிரைவரு" என்பார். வீட்டைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாராம். அண்ணி சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை தவறினார். உங்களில் பலருக்கு அது தெரியும். ஆறு வருடத்துக்கு முன் பொதுமக்கள் பார்வை நாளன்று இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது 'டங்' என்று ஒரு அடி, அதோடு நின்றுவிட்டது. ராடு வளைந்தது. வேறு ராடு கிடைத்துச் சரிசெய்யப் பதினான்கு மாதம் ஆனது. காலையில் தான்தான் சுற்றிப் பார்த்ததாகவும், தண்ணீரைக் கவனிக்கவில்லை என்றும் அவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிர்வாகக் குழு அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. நம் மாத இதழில் 'கவனக்குறைவு' என்று அச்சானது. ஒரு வருடம் அவர் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, அவர் அன்று காலை இந்த இஞ்சினைத் தொடவே இல்லை.

அண்ணியின் கண்ணில் அறுவை சிகிச்சை என்று விடியும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கிருந்து எனக்கு ஃபோன் செய்தார். "நான் வர்ற வரைக்கும் கை வைக்காதே டிரைவரு. லேட்டானா ஆகட்டும்." சரி என்றேன். பிளாட்பாரம் நிறையக் கூட்டம். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை இஞ்சின் பார்த்தவன் என்ற திமிர் எனக்கு. தனியாகக் கம்பியைப் போட்டேன். ஒரு சுற்று சுற்றினேன். ஓடி ஓடித் திருகுகளைப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. போதும் என்று திருகுகளை மூடிவிட்டு மேலே ஏறிப் பட்டனை அமுக்கினேன்.

தண்ணீர் மீதிப் பாதியில் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். கம்பி கிடந்த இடத்தைப் பார்த்தார். பதிவேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் தடுத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தடுக்கவில்லை. "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குக் கோபம். "உன்ன வெளிய அனுப்பிட்டா கம்பிய யாரு இழுக்கிறது? எனக்கு இடுப்பு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. வாய மூடிட்டு விளக்க அணை" என்றார். ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முதலில் வேலை போய்விடுமே என்ற பயம். பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

இன்று மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். போன வாரம் துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி சொன்னார்: "என் கண்ணாலதான் தம்பி அவருக்கு அந்தக் கெட்ட பேரு. என்னை ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பிட்டு ஷெட்டுக்கு ஓடிப் போன அவசரத்துல சரியாப் பாக்காம விட்டுட்டாரு." எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் துணிவில்லை. அண்ணி, உங்கள் கண் ஒரு பாவமும் செய்யவில்லை. அவரும் தவறவில்லை. தவறியவன் இதோ நிற்கிறேன். தலைவர் அவர்களே, எந்த இதழில் 'கவனக்குறைவு' என்று போட்டீர்களோ, அதே இதழில் என் பெயரைப் போட்டு அச்சடியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழில், ஆறு மணிக்கு அஞ்சலியாக இஞ்சின் ஸ்டார்ட் செய்யப்படும் என்று இருக்கிறது. அது அண்ணி கேட்டது. இத்தனை வருடம் கணவரை இந்த இரும்புக்கு விட்டுக்கொடுத்தவர், ஒரு நாளும் வந்து இதன் சத்தத்தைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளோடு வெளியூருக்குக் குடி போகிறார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அதக் கேட்டுட்டுப் போறேன்" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

இன்று காலை கம்பியைப் போட்டேன். பார்க்க ஆளில்லை. கொஞ்சம் இழுப்பேன், இறங்கிப் போய்ப் பன்னிரண்டு திருகையும் பார்ப்பேன், திரும்ப வந்து இழுப்பேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் ஒன்பதாவது சிலிண்டர் தண்ணீரைத் துப்பியது. அரை டம்ளர் இருக்கும்.

செயலாளர் நல்லவர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. "தண்ணிதான் வெளிய வந்துடுச்சே, தொடைச்சிட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்களேன். பாவம் அந்தம்மா" என்றார். ஓடினாலும் ஓடியிருக்கும். பத்துக்கு ஒன்பது ஓடிவிடும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இந்த இஞ்சினை அவர் ஒரு நாளும் ஸ்டார்ட் செய்ததில்லை. அவர் பெயரைச் சொல்லியே நான் அதைச் செய்யலாமா? ஒரு தடவை கூட்டத்துக்குப் பயந்து பட்டனை அமுக்கினேன். இன்று அண்ணியின் முகத்துக்காக அமுக்கினால் அது மட்டும் நியாயமாகிவிடுமா? எனவே இன்று இது ஓடாது. யாருக்காவது கோபம் இருந்தால் என்னிடம் வாருங்கள், செயலாளரிடம் போகாதீர்கள்.

நம் தலைமை ஃபிட்டரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். நாளைக் காலை ஒன்பதாவது சிலிண்டரின் தலையைக் கழற்றுகிறேன். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மாதமோ ஆறு மாதமோ ஆகலாம். திருகுகளைப் பார்க்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். கண் நன்றாகத் தெரிந்தால் போதும், வேறு தகுதி தேவையில்லை.

அண்ணி, ஆறு வருடம் உங்களை அழ வைத்தேன், இன்று வெறுங்கையோடு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது சரியாகும் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் மகளிடம் ஃபோன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். என்றைக்காவது என்னிடமிருந்து அழைப்பு வரும். எடுத்துக் காதில் வையுங்கள். நான் எதுவும் பேச மாட்டேன்.