ஆற்றங்கரையில் விட்டுவந்த பெயர்

தேனியிலிருந்து தேவதானப்பட்டி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்தவன், லண்டனில் படித்துத் திரும்பியவன், தன் அக்காவிடம் சொன்னான்: “அங்கன நான் மூணு தடவ செத்துட்டேன்க்கா.”

“வாயக் கழுவுடா.”

“கம்ப்யூட்டர் வெளையாட்டுக்கா. படமே கெடையாது, வெறும் எழுத்துதான். ‘குகை, ஒரே இருட்டு’ன்னு வரும். வடக்க போன்னு தட்டுனா ஆறு வரும். எங்கெங்கயோ இருந்து ஆளுக வருவாக. மொகந்தெரியாத ஒருத்தர் எனக்கு வெளக்குக் குடுத்தாக. செத்தாலும் மொதல்ல இருந்து வந்துரலாம்.”

“அங்கன ஒம் பேரு என்ன?”

“அப்பா பேரு. இங்கன செத்துப்போனவுக அங்கனயாவது நடமாடட்டும்னு வச்சேன்.”

நான் இறங்க வேண்டிய பெரியகுளம் கடந்து போயிருந்தது. அக்கா கேட்டாள்: “இப்ப எங்கன இருக்காக?”

“கடைசியா ஆத்தங்கரையில விட்டுட்டு வந்தேன்.”

“அடப்பாவி, அவுகளுக்கு நீச்சல் தெரியாதேடா.”