ஐந்து பலகைகளைச் சுவர் பார்க்க நிறுத்திவிட்டு அன்னெகிரேட் அம்மையாருக்கு வாசித்தளிக்கும் மடல்

வெஸ்ஸெல்பெக் நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவைத் தலைமை ஏற்று நடத்தி, திருப்பங்களுக்குத் திசையும் தெருக்களுக்குத் தெளிவும் தந்து, இன்று பணி நிறைவு பெறும் மதிப்புயர் அன்னெகிரேட் டெர்ஹோர்ஸ்ட் அம்மையாருக்கு, நகராட்சிப் பணியாளர்கள் அனைவரும் தலை தாழ்த்தி வாசித்தளிக்கும் மடல்.

தலை தாழ்த்தி என்பது இவ்வகை மடல்களில் எல்லாரும் எழுதும் சொல்தான். இம்முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

சாலைக்குச் சொல் தந்த சான்றோரே!

மழலையர் பள்ளி வாசலில் பலகை நடும்முன், ஈரத் தரையில் முழங்காலிட்டு, ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அதைப் பார்த்தவர் நீங்கள். தேவாலயத் திருப்பத்தில் மாலை வெயில் பட்டுப் பலகை கண்ணைக் கூசச் செய்கிறது என்று கண்டு, கம்பத்தைக் கையளவு திருப்பி வைக்கச் சொன்னவர் நீங்கள். வெயிலோ பனியோ, சாம்பல் நிற மேலங்கியோடு சைக்கிளில் வந்திறங்கி, அந்த அங்கியை அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாய் மேல் விரித்து, அலுவலகம் முழுவதையும் நனைந்த கம்பளியின் மணத்தால் நிரப்பியவரும் நீங்களே. இன்னொரு பலகை வேண்டும், இன்னொரு அம்புக்குறி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், "பலகைய நிறைய வெச்சா, தெரு சரியில்லன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி. மொதல்ல தெருவச் சரி பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவீர்கள். வந்தவர் முகம் சுளிப்பார். வெளியே போய் யோசித்துவிட்டு, சரிதான் என்பார்.

இத்தனை புகழுக்கும் உரிய உங்களை இத்தோடு வாழ்த்தி அமர்ந்திருக்கலாம். ஆனால் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆலைச் சாலையில் நின்ற அந்தக் கம்பத்தைத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் விழுங்கிவிட்டு உங்களைப் புகழ்ந்தால், அது உங்களுக்கு இரண்டாம் முறை செய்யும் அவமதிப்பு.

பொறுமையின் பொற்குவையே!

நம் ஊருக்குச் 'சைக்கிளுக்கு இசைந்த ஊர்' என்ற சிறப்பு கிடைத்து, அதைச் சொல்லும் ஆறு பச்சைப் பலகைகளும் வந்து சேர்ந்த நாளில் நாங்கள் பட்ட பெருமைக்கு அளவில்லை. எங்கே நடுவது என்ற கேள்விக்கு, ஊருக்குள் நுழையும் பெருஞ்சாலைகளில் என்று நம் மேயர் பிரிங்க்மான் உடனே விடை சொன்னார். ஆண்டுதோறும் நடக்கும் பலகைப் பார்வையிடலின்போது இடங்களை முடிவு செய்யலாம் என்றாயிற்று. காவல்துறையும் களப்பணிக் கிடங்கும் நகர்மன்றமும் நாமும் ஒரே வேனில் ஏறி ஊரைச் சுற்றுவது நம் வழக்கம். அன்று காலை நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"இந்த ஒரு தடவையாவது சைக்கிள்ல போவோமே. சைக்கிளுக்கு வைக்கிற பலகைதானே?"

"மழை கொட்டுதும்மா," என்றார் மேயர்.

"ரொட்டி வேற சூடா வந்திருக்கு மேடம். கையில ரொட்டி, ஹேண்டில்பார எதால புடிக்கிறது?" என்றார் காவல் அலுவலர் ஃபார்விக். நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் நீங்கள் வேனில் ஏறினீர்கள் என்பதை இன்று நினைக்கும்போது காது மடல் சுடுகிறது.

ரொட்டிக்கடை ரொஸ்விதா லூட்கன்ஹவுஸ் அம்மையார் தம் சுமை சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த ரொட்டிகள் அவை. பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த அந்த ரொட்டிகளைத் தின்றுகொண்டே ஆலைச் சாலையை அடைந்தோம். ஓரக்கல்லுக்கும் வேலிச் செடிக்கும் நடுவே சருகு மூடிய அகலமான இடம் தெரிந்தது. பலகைக்கென்றே யாரோ ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது. யாரும் இறங்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் ஊவே வேனின் கதவைத் தள்ளித் திறந்து, இருக்கையில் இருந்தபடியே கையை நீட்டி, ஓரக்கல்லில் சிவப்பு வண்ணம் பீய்ச்சிக் குறி போட்டார். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்திருந்தது. நீங்கள் மட்டும் உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, நீங்களும் தலையாட்டினீர்கள்.

அந்தச் சருகுக்கு அடியில் இருந்தது நம் ஊர்ச் சைக்கிள் பாதை. அதன் மேல் சருகைத் தள்ளியது, கார்கள் வழுக்காமல் இருக்கச் சாலையை மட்டும் பெருக்கிச் சென்ற நம் நகராட்சி வண்டி.

குழி தோண்டும்போது ஊவே தொலைபேசியில் அழைத்தார். "அடியில செங்கல் பாவியிருக்கே, என்ன செய்ய?"

"பழைய நடைபாதையா இருக்கும்பா. குறி இருக்குல்ல, போட்டுட்டு வா," என்று அலுவலகத்திலிருந்து பதில் போயிற்று. பதில் சொன்னது இன்னார் என்று இங்கே எழுதவில்லை. அருகில் காப்பிக் கோப்பையோடு நின்ற எல்லாரும் அதைக் கேட்டோம், ஒருவரும் மறுக்கவில்லை.

அங்கே நட்ட முதல் பலகையின் திறப்பு விழாவுக்கு ஊர்த் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் இசைக்குழு வந்தது. துணி விலகியது. கைதட்டினோம். மறுநாள் விடியும்முன், ரொட்டி சுமந்து அதே பாதையில் வழக்கம்போல் வந்த ரொஸ்விதா அம்மையார் அந்தக் கம்பத்தில் மோதி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அவரைத் தூக்க வந்தவர்கள் காலால் சருகை ஒதுக்கியதில் பாதை வெளியே வந்தது. செங்கல் பாதை, அதன் நட்ட நடுவில் கம்பம், கம்பத்தின் உச்சியில் 'சைக்கிளுக்கு இசைந்த ஊர்'. செய்தித்தாள் அந்தப் படத்துக்குக் கீழே விளக்கம் எதுவும் எழுதவில்லை. தேவையும் இல்லை.

மருத்துவமனைக்கு நம்மில் முதலில் போனவர் நீங்கள். ரொஸ்விதா அம்மையார் உங்களிடம் சொன்னதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது: "ஏம்மா அன்னெகிரேட், சைக்கிளுக்கு நல்ல ஊருன்னு சொல்லணும்னா வாயால சொல்லக் கூடாதா? கம்பத்தாலயா சொல்லணும்?" நீங்கள் சிரிக்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

நெஞ்சுரத்தின் நிலைக்களனே!

நகர்மன்றக் கூட்டத்தில் மேயர் கேட்டார், "இந்த இடத்த முடிவு பண்ணது யாரு?" வேனில் இருந்த நாங்கள் அனைவரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தோம். கேட்ட மேயரும் வேனில் இருந்தவர். ஒருவர் மேசையைப் பார்த்தார், ஒருவர் சன்னலைப் பார்த்தார், மற்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தோம். நீங்கள் எழுந்தீர்கள்.

"கையெழுத்து என்னுது. வேற யாரையும் கேக்க வேணாம்."

வேறு யாரையும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் உங்களிடம் விடுப்புக்கும் ஊதிய உயர்வுக்கும் வாய் வலிக்கப் பேசிய நாங்கள், அந்த ஒரு நிமிடம் பேசியிருக்க வேண்டும்.

அதன்பின் நாங்கள் பணிநிறைவு விழாவுக்கு அழைத்தபோது, "அந்தக் கம்பம் இருந்த தெருவுல தலைநிமிர்ந்து போக முடியல. இதுல பூங்கொத்து வேறயா? விழா வேணாம்" என்று மறுத்துவிட்டீர்கள். இத்தனை காலம் உழைத்தவர் பின்வாசல் வழியே சொல்லிக்கொள்ளாமல் போவதா என்று கலங்கி, திரும்பத் திரும்ப வந்து கெஞ்சினோம். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னீர்கள்: வேனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் உங்களோடு சைக்கிளில் ஊரைச் சுற்ற வேண்டும். ஆறு பலகைக்கும் இடம் பார்த்துவிட்டு, அதன்பிறகு விழாவைப் பற்றிப் பேசலாம்.

சென்ற வாரம் சுற்றினோம். அன்றும் மழை. மேயர் தம் மகளின் ஊதாநிறச் சைக்கிளில் வந்தார். ஃபார்விக்கின் சக்கரம் தொடக்கத்திலேயே காற்றிறங்கி, பாதித் தொலைவு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். "என்ன ஃபார்விக், இப்ப ஒரு கை ஃப்ரீயாதானே இருக்கு, ரொட்டி வேணுமா?" என்று ஊவே கேட்டபோது அவர் திரும்பியே பார்க்கவில்லை.

பெருஞ்சாலை முனையில் ஒரு லாரி எங்களை உரசிச் சென்ற வேகத்தில் மேயர் இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் கேட்டீர்கள், "இங்க நடலாமா?" ரயில்வே கேட்டருகே பாதை குப்பைத் தொட்டிகளில் முட்டி நின்றது. "இங்க?" ஊவே தொட்டிகளை ஓரமாக நகர்த்தத் தொடங்கினார். நம் நகராட்சி வாசலில் சைக்கிள் நிறுத்த வைத்த சட்டங்களை மறைத்து நம்முடைய கார்களே நின்றன. அங்கே நீங்கள் கேட்கக்கூட இல்லை. நின்றீர்கள், பார்த்தீர்கள், மிதித்தீர்கள். கேட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் பள்ளிக்குப் பின்னால் ஓடைக்கரைப் பாதைக்கு வந்தோம். அகலமான பாதை, சுத்தமான பாதை. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடி மிதித்துப் போனார்கள்.

"இங்க நடலாம்," என்றீர்கள்.

மேயருக்கு மூச்சு வாங்கியது. "இங்கயா? இங்க ஒரு கார் வராதேம்மா! யாரு பார்ப்பா?"

"சைக்கிள்ல வர்றவங்க பார்ப்பாங்க," என்றீர்கள். "அவங்க பார்த்துட்டு ஆமான்னு சொல்ற எடத்துலதான் இத வைக்கணும்."

அன்று எங்கள் முகத்தில் வழிந்ததில் எல்லாமே மழை என்று சொல்லிவிட முடியாது.

அன்பிற்கினிய அம்மையாரே!

ஒரு பலகை இப்போது ஓடைக்கரையில் நிற்கிறது, பாதைக்கு வெளியே, புல்லில். நாங்கள் இறங்கி நின்று அளந்தோம். ஆலைச் சாலையிலிருந்து பிடுங்கிய பலகையோடு சேர்த்து மீதி ஐந்தும் கிடங்கில், எழுத்து வெளியே தெரியாதபடி சுவர் பார்த்து நிற்கின்றன. அவை அங்கே நிற்கும்வரை எங்களுக்கு வெட்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும். இன்ன தேதிக்குள் நட்டுவிடுவோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். வாக்குக் கொடுத்து விழா எடுப்பதில் நாங்கள் வல்லவர்கள் என்பதை நீங்களே கண்டீர்கள். ஒரு பாதை சரியானதும் உங்கள் வீட்டு மணியை அடிப்போம். நீங்கள் வந்து மிதித்துப் பாருங்கள். இறங்கி ஆமாம் என்றால் நடுவோம். இல்லை என்றால் பலகை மறுபடியும் சுவர் பார்க்கும்.

ஆகவே, உங்கள் முழங்கால் தளராமலும் மூச்சு இளைக்காமலும் முதுகு வளையாமலும் நெடுநாள் நலமோடு வாழ நாங்கள் வேண்டுவதில் எங்கள் தன்னலமும் கலந்திருக்கிறது. ஐந்து முறையாவது உங்களைத் தொந்தரவு செய்தாக வேண்டும்.

இம்மடலைச் சட்டமிட்டுக் கொடுத்திருக்கிறோம். மாட்டுவதற்குரிய ஆணியும் உள்ளே இருக்கிறது. எங்கே மாட்டுவது என்பதை நாங்கள் சொல்லமாட்டோம். இடம் பார்ப்பதில் எங்கள் திறமை ஊரறிந்தது.

இங்ஙனம்,
வேனில் அமர்ந்திருந்தோரும், அவர்கள் அமர்ந்திருந்ததை அறிந்தும் வாளாவிருந்தோருமாகிய
வெஸ்ஸெல்பெக் நகராட்சிப் பணியாளர்கள்

இவர்களோடு, வலது கை இன்னும் மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் ஒப்பமிட்டவர்: ரொஸ்விதா லூட்கன்ஹவுஸ், ரொட்டிக்கடை. ஒப்பமிடும்போது அவர் சொன்னதையும் அப்படியே சேர்க்கச் சொன்னார்: "அன்னெகிரேட்டுக்காகப் போடறேன். இவங்களுக்காக இல்ல. வேனுக்கு இனிமே ரொட்டி கிடையாது, சைக்கிள்ல வந்தா தர்றேன்."