அடிக்காத சபை

“எங்கடை சபை ஆக்கள் ஆரையும் அடிக்க மாட்டினம் எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை, அண்ணை.”

ஹோர்சன்ஸ் நகருக்குப் போகும் ரயிலில் என் முன்னிருக்கையில் இருந்த தமிழ் இளைஞன், பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரரிடம் சொன்னான். மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையில் அண்மையில் சேர்ந்தவன் என்று பேச்சில் தெரிந்தது.

“இப்ப ஆர் சொன்னது?”

“ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். நாங்கள் ஆர், எதுக்கு இருக்கிறம் எண்டு புது ஆக்களுக்கு வகுப்பு வைச்சவர். அந்தக் காலத்திலை எங்கடை சபையார் ஆயுதம் தூக்க மாட்டம் எண்டு நாடுநாடா ஓடினவையாம்.”

“எங்களைப் போலை அகதியள்.”

“ஓம். நான் கையைப் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு இருந்தனான். முதல்நாள்தானே ஹோர்சன்ஸ் அகதி காம்ப் குசினியிலை, அங்கை இருக்கிற சிவாவின்ரை வாயை உடைச்சது.”

“பாஸ்டருக்குத் தெரியாதோ?”

“தெரியும். வகுப்பு முடிய வந்து அந்தக் கையைத்தான் பிடிச்சவர். ஏசியிருந்தால் தாங்கியிருப்பன்.”

“சரி, மன்னிப்புக் கேட்கத்தானே போறம். சிவா திருப்பி அடிச்சால்?”

“அடிக்கட்டும்.”

ஹோர்சன்ஸில் ரயில் நின்றது. நடுவயதுக்காரர் எழுந்தார். இளைஞன் அசையவில்லை.

“சிவாவின்ரை அறைக் கதவை நீங்கள் தட்டுங்கோ, அண்ணை. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”