மைதீன் பிச்சை பூட்டிய கார்கள்

— அப்போ, காரு முதல்ல செஞ்சது இங்கிலீசுக்காரன் இல்லையாக்கும்?

— இல்ல மெகராஜ், ஜெர்மன்காரன். எட்வர்டு ராசா பட்டம் ஏறின வருசம் உன்ன விட்டுட்டுக் கொழும்புக்குக் கப்பல் ஏறினேன்லா, அங்க மோட்டார் ஷெட்டுல பெட்டி பிரிச்சு, சாமானெல்லாம் சேத்து நான் பூட்டின முத வண்டியே அவன் வண்டிதான். குதிரைய மட்டும் அவுத்துவிட்ட கோச்சு வண்டி மாதிரி இருக்கும். கரும்பச்சை, ஓரத்துல மஞ்சக் கோடு.

— பொறவு?

— பொறவு பிரான்சுக்காரன். என்ன வேலைப்பாடு புள்ள. எஞ்சினத் தூக்கி முன்னால வச்சவன் அவந்தான். மாதுளம்பூ நிறம். பித்தள வெளக்குல மொகம் பாக்கலாம். கொஞ்ச வருசம் வந்ததெல்லாம் அவன் வண்டிதான்.

— நம்ம ராசா ஊருக்காரன் என்ன செஞ்சான்?

— அங்க காருக்கு முன்னால ஒருத்தன் கொடி பிடிச்சு நடக்கணும்னு சட்டம் இருந்துச்சாம். அதுல பிந்திட்டான். ஆனா நின்னு நிதானமா செஞ்சான். அவன் எஞ்சின் ஓடுதது நீ ஒறங்கையில மூச்சு விடுத மாதிரி, அம்புட்டு மெதுவா.

— பேச்சப் பாரு. நேத்து ராஜபாளையத்துல எங்க ஜமால் அண்ணன் காட்டினாவளே, பருத்தி முதலாளி ராஜு வாங்கின காரு, அது?

— அமெரிக்கா. கிளப்பின ஒடனே தெரிஞ்சிட்டு, தகரத்துல கல்லு உருட்டுத சத்தம். அவன் அழகு பாக்க மாட்டான் புள்ள. ஆனா ஒரு வண்டிச் சாமானக் கழத்தி இன்னொண்ணுல மாட்டு, அப்படியே உக்காரும். மத்தவன் ஒண்ணு செய்யுததுக்குள்ள அவன் ஒரு கப்பலையே நெரப்பிருவான். இனி அவன் காலந்தான்.

— அத ஓட்ட உங்களத்தான் அண்ணங்கிட்டச் சொல்லிக் கேக்காவ. நீங்க பிடி குடுக்காம நாடு நாடாச் சுத்துதிய.

— செத்தப் பொறு. யோசிப்போம்.

— அது என்ன நிறம்?

— எது?

— நேத்துப் பாத்த வண்டி. மொத வந்ததுக்கெல்லாம் நிறம் சொன்னிய.

— நிறத்த விடு. சத்தத்தக் கேளு, அதுலதான் எல்லாம் இருக்கு.

— சொல்லுங்க.

— எட்வர்டு ராசா மவுத்தாகி அவரு மவன் பட்டம் ஏறின வருசத்துல இருந்தே எனக்கு எல்லாம் பொகையாட்டம் இருக்கு மெகராஜ். உன் மொகமும் அப்படித்தான். இனி தெளியாதுன்னு கொழும்பு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுததுன்னு தெரியல.

— வந்த அன்னைக்கே, வாசல்ல நின்ன என்னத் தாண்டிப் போனிய. அப்பவே கண்டுட்டேன். நீங்களாச் சொல்லட்டும்னுதான் பொறுத்திருந்தேன்.

— ஜமால் மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— நான் நேத்தே அண்ணங்கிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். ஓட்ட வேற ஆளு பாருங்க, எஞ்சினுக்கு என்ன கோளாறுன்னு காதாலயே கண்டு சொல்ல இவிய வருவாவன்னு. முதலாளி சரின்னுட்டாரு. நாளைக்கு நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன்.