குழாய் ஒழுகுற பாட்டு

...கக்கூசுக்குப் போறதுக்குக்கூட கார்டு தட்டணுமாம்மா! கேட்டியா அநியாயத்த? உக்காரு உக்காரு, இந்த சீட்டு காலிதான், பைய மடியில வச்சுக்க. புதுசா சேந்திருக்கியா? மொகத்தப் பாத்தாலே தெரியுது, இன்னும் சிரிச்ச மொகமா இருக்க. ஒரு மாசம் போகட்டும். பசியாறிட்டியா? இந்தா, வடை. எடுத்துக்க லா, வெக்கப்படாத.

நான் புஷ்பவள்ளி. அசெம்பிளி லைன் லீடர். கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இதே கம்பெனி, இதே ஸ்கூடாய் பஸ்ஸு, இதே ஜாமு. எத்தனையோ ஜப்பான்காரன் வந்தான், போனான். ஆனா இந்தப் புது பாஸு குரோடா மாதிரி ஒருத்தன... ஐயோ! வந்த வாரமே டீ டைம்ல கைய வச்சான். அப்புறம் லைன்ல ரேடியோ கூடாதுன்னான். இப்ப என்னடான்னா, அடுத்த மாசத்துலேருந்து லீடருங்க எல்லாம் நைட் ஷிஃப்ட்டாம்!

என் வீட்டுக்காரரு மதிவாணனுக்கு சிங்கப்பூர்ல வேல. விடியறதுக்கு முன்ன மோட்டர் பைக்க எடுத்துக்கிட்டு பார்டர் பாலத்துக்குப் போயிடுவாரு, வந்து சேர ராத்திரி. நான் நைட்டுக்குப் போனா நாங்க ஒருத்தர ஒருத்தரு எப்பம்மா பாத்துக்கறது? அவரு வர்றப்ப நான் கெளம்பியிருப்பேன், நான் வர்றப்ப அவரு போயிருப்பாரு. ஒரே கட்டிலு, ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்டு! சிரிக்காத லா. நெசமாவே எனக்கு பயமா இருக்கு. அந்த மனுசன் கொறட்டையத் திட்டித் திட்டித்தான் எனக்குத் தூக்கமே வரும்.

பழைய பாஸு மொரிமோட்டோ-சான் இருந்தாரே, தங்கம்! தீவாளிக்கு லீவு கேட்டா, "முறுக்கு?"ன்னு மட்டும் கேப்பாரு. ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தா போதும், லீவு ஓகே. அந்த மாதிரி மனுசன எந்தப் படுபாவி ஊருக்கு அனுப்புனான்னு கேண்டீன்ல தெனமும் பஞ்சாயத்து நடக்குது. நானும் சேந்துதான் திட்டுவேன். நல்லா சத்தமாவே திட்டுவேன்.

எல்லாத்துக்கும் அந்த ஜப்பான் பாட்டுக்காரனுங்கதான் காரணம், சொல்லிட்டேன்! என் மக லோஷினி யூனிவர்சிட்டில படிக்குது. எந்நேரமும் காதுல ஜப்பான்காரன். ஒருத்தன் இல்லம்மா, ஒரு கூட்டமே இருக்கு. எல்லாம் ஆம்பளைங்க. முடி கண்ண மறைக்கும், கையில கித்தாரு, சட்ட தம்பியோடதா அண்ணனோடதான்னே தெரியாது. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அவனே பாடி, அவனே அழுவுறான்! நம்ம பாட்டுன்னா எழுத ஒருத்தரு, மெட்டுக்கு ஒருத்தரு, பாட ஒருத்தரு, வாய மட்டும் அசைக்க ஒருத்தரு, பின்னால ஆட அம்பது பேரு. எத்தன குடும்பத்துக்குச் சோறு! அங்க எல்லா வேலையும் ஒருத்தன் தலையில. கம்பெனி நடத்துற மாதிரியேதான் பாட்டும் நடத்துறானுங்க, ஆளக் கொறச்சு.

பாட்டாவது பாட்டு மாதிரி இருக்கா? மொதல்ல வாய்க்குள்ளயே மொணகுவான். பக்கத்து ரூம்ல யாரோ தூங்குற மாதிரி. திடீர்னு ஒரு எடத்துல பல்லு வலி வந்தவனாட்டம் கத்துவான். மழ பேஞ்சா ஒரு பாட்டு, ட்ரெயின் போனா ஒரு பாட்டு, பூ உதுந்தா ஒரு பாட்டு. பூ உதுந்தா கூட்டித் தள்ளுடான்னு சொல்ல ஆளில்ல அங்க.

அந்தக் கண்றாவியில ஒண்ணத்தான் நானும் மேடையேறிப் பாடுனேன். ஏன்னு கேக்குறியா? அது வேற கத. நம்ம கம்பெனில வருசா வருசம் அன்யுவல் டின்னர் நடக்கும். ஒவ்வொரு செக்ஷனும் மேடையேறணும், பரிசு குடுக்கறது பாஸு. ஒவ்வொரு வருசமும் பேக்கிங் செக்ஷன் ஆட்டம் ஆடி, பரிச அள்ளிட்டுப் போயிடும். போன வருசம் மொதப் பரிசு ஏர் ஃபிரையருன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. லோஷினியக் கூப்புட்டேன். "அடியே, உன் ஆளுங்கள்ல எவன் பாட்டக் கேட்டா ஒரு ஜப்பான்காரன் தேம்பித் தேம்பி அழுவான்?"னு கேட்டேன்.

ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு. அர்த்தம் கேட்டா... நீயே சொல்லு, இது பாட்டா? ஒருத்தன் வேலைக்கு வெளியூரு போயிட்டான். வீட்டுல குழாய் ஒழுகுது. வந்து மாத்துறேன், வந்து மாத்துறேன்னு பொண்டாட்டிகிட்ட போன்ல சொல்லிக்கிட்டே இருக்கான். போகவே இல்ல. அவ்வளவுதான்! ஒரு பிளம்பரக் கூப்புட்டா முடிஞ்சு போற விசயத்துக்கு அவன் கண்ணீரு விடுறான்.

தமிழ் எழுத்துல எழுதி வச்சுப் பாடம் பண்ணேன். சட்டி கழுவுறப்ப, துணி காயப்போடறப்ப, எப்பப் பாத்தாலும் அதான். மதிவாணன் அர்த்தத்தக் கேட்டுட்டு, பின்பக்கம் போயி எங்க வீட்டுக் குழாயத் தொட்டுப் பாத்துட்டு வந்தாரு!

டின்னரன்னிக்குப் பட்டுச் சேல கட்டிக்கிட்டு ஏறுனேன். நம்ம இழுப்பு குழைவெல்லாம் போட்டுப் பாடுனேன். கூட்டத்துக்கு ஒண்ணும் புரியல, கோழியத் தின்னுக்கிட்டு இருக்குதுங்க. மொரிமோட்டோ-சான் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டுனாரு. அப்புறம் மேசத் துணியவே எடுத்து மொகத்துல வச்சுக்கிட்டாரு. மொதப் பரிசு எனக்குத்தான்! பேக்கிங் செக்ஷன் மூஞ்சியப் பாக்கணுமே... நீ திங்கிற வடையக்கூட அந்த ஏர் ஃபிரையர்லதான் சூடு காட்டுனேன். மொறுமொறுன்னு இல்ல?

...கொஞ்ச நாள் கழிச்சு லைனுக்கு வந்தாரு. எல்லாரு முன்னாலயும் எனக்குக் குனிஞ்சு கும்புட்டாரு. "புஷ்பா-சான், சாயா பாலிக். பாய்ப் ரோசாக்"னு தனக்குத் தெரிஞ்ச மலாய்ல சொன்னாரு. ஊருக்குப் போறாராம், குழாய் கெட்டுப் போச்சாம். தமாசு பண்றாருன்னு நானும் பல்ல இளிச்சேன். கண்ணப் பாத்தப்பதான்... அவரு சம்சாரம் ஜப்பான்ல தனியாத்தான் இருந்திருக்காங்க, இத்தன வருசமா. யாருகிட்டயும் சொன்னதில்ல. நல்ல மனுசன நான்தாம்மா பாடியே அனுப்பிச்சேன், ஒரு ஏர் ஃபிரையருக்காக! கேண்டீன்ல யாருக்கும் தெரியாது. நீயும் வாயத் தொறந்துடாத.

ஆனா ஒரு நல்லது. அனுப்பத் தெரிஞ்சுக்கிட்டேன் பாத்தியா? அடுத்த வாரம் டின்னரு. குரோடா மொத மேசையில உக்காருவான். குழாயோட விடப் போறதில்ல, கூரையே ஒழுகுற மாதிரி ஒண்ணு வேணும் எனக்கு! லோஷினி முடியாதுன்னுடுச்சு. "ம்மா, பாட்டென்ன பிளைட் டிக்கெட்டா?"ன்னு கேக்குது, கழுத.

என்னது? உனக்கு ஜப்பான் பாஷ தெரியுமா? அங்கயே போய்ப் படிச்சியா! அப்புறம் ஏம்மா லைன்ல... ஓ, ஆபிஸா? ஆபிஸ்ல என்ன வேல? இண்டர்பிரட்டரா? யாருக்கு?

அலமாக்! குரோடாவுக்கா! அந்த வடையத் திருப்பிக் குடு!

...இல்ல இல்ல, தின்னு. தின்னுட்ட, இனி என்ன. ஃபரீஹாவா பேரு? நல்ல பேரு. இங்க பாரும்மா ஃபரீஹா, அக்கா சொன்னதெல்லாம் சும்மா, மனசுல வச்சுக்காத. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. குரோடாவுக்கு ஊருல யாரு இருக்கா? பொண்டாட்டி? ...இல்லையா? பிள்ளைங்க? அம்மாவாவது? ...தவறிட்டாங்களா? எப்ப? போன வருசமா. கூடப் பொறந்ததும் இல்லையா?

அதான்... வெள்ளிக்கெழம எல்லாரும் போனப்புறமும் மேல அவன் ரூம்ல லைட்டு எரியுது. மீட்டரு ஏறுதேன்னு நானே திட்டியிருக்கேன்.

அட போம்மா. யாருமே இல்லாத ஆள எந்தப் பாட்டப் பாடி எங்க அனுப்புறது?

சரி சரி, கம்பெனி கேட்டு வந்துடுச்சு, எறங்கு. ஏய், ஓடாத, நில்லு! ஞாயித்துக்கெழம வீட்டுல சொறாப் புட்டு செய்றேன். குரோடா-சான் வருவாரா, காரம் தின்பாரான்னு கேட்டுச் சொல்லு. உக்காந்து ஒரு வாய் தின்னுட்டு, எங்கள இந்த நைட் ஷிஃப்ட்டு எப்புடிப் பிரிக்கப் போவுதுன்னு மதிவாணன் மூஞ்சியப் பாத்தாவது தெரிஞ்சுக்கட்டும். தெரியலையா, காரத்துல வயிறு கலங்கியாவது ஊருக்கு ஓடட்டும்!