கொழும்புக்கு ஒரு மணி நேரம்

பிரசவத்துக்காகப் பயண அனுமதி கேட்டால், அந்த மனுவை மற்றவற்றுக்கு முன்னால் கவனிக்க வேண்டும் என்பது விதி. சமயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை.

"கொழும்புக்கு ஏரோப்ளேன்ல ஒரு மணி நேரந்தானாமே அக்கா?"

"ஆமாம். இந்த பஸ் கொள்ளிடம் பாலம் தாண்டறதுக்குள்ள அங்க இறங்கிடலாம்."

"அப்புறம் ஏன் மக பிரசவத்துக்குப் போகல?"

"அங்க போக சர்க்கார் அனுமதி வேணும்ல? அவ முழுகாம இருக்கான்னதுமே எழுதிப் போட்டோம். டாக்டர் சர்டிபிகேட் கேட்டாங்க, அனுப்பினோம். இவன் பொறந்தப்புறம், 'பிரசவத் தேதி தாண்டிடுச்சு, புது சர்டிபிகேட் அனுப்புங்க'ன்னாங்க."

"புதுசுக்கு எங்க போறது?"

"மாப்பிள்ளையத்தான் கேக்கணும்."

இளையவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"தலைப்பிரசவம்டீ. வலியில அம்மா அம்மான்னு கத்தினாளாம். நான் இங்க தபால்காரர பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில அவளே பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா."

"அனுமதி வரவே இல்லையா?"

"வந்துச்சே. இவனுக்கு மொட்டை போட எல்லாரும் வாசல்ல இறங்கறோம், தபால்காரர் வந்து நிக்கிறார். இன்னிக்குத்தான், ஆடி கடைசி வெள்ளி."