வெள்ளம் பொரட்டுன கல்லு

அதுல ஒக்காராதீக டீச்சர். தப்பா நெனைக்காதீக, வெயிலு ஏறுன கல்லு, சேலையோட சேத்துச் சுட்டுரும். இந்தா, வேப்பமரத்துக் கீழ ஸ்டூலு போடுதேன். தண்ணி குடிக்கீகளா? ராஜபாளையத்துல இருந்து பஸ்ஸுலயா வந்தீக? தேவதானத்துல எறங்கி இம்புட்டு தூரம் நடந்தா நாக்கு வறளத்தான் செய்யும்.

அந்தக் கல்லுல செவப்பா இருக்கே, நான் வச்ச குங்குமம்னு நெனச்சீகளாக்கும். இல்ல, ஆபீஸ் ஆளுக அடிச்ச பெயிண்டு. நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கிரேன் வருது. அதத் தூக்கி லாரியில ஏத்தி மெட்ராசுக்குக் கொண்டுபோறாக, மியூசியத்துல வைக்க. அம்புட்டு கல்லு கெடக்கு, இது ஒண்ணுதான் போகுதாம்.

அதான் ஒங்களப் பாத்ததும் கேட்டேன். நீங்க காலேஜ்ல இந்த மாதிரிக் கல்லாப் போன மரத்தப் பத்தித்தான் பாடம் எடுக்கேன்னு சொன்னீக. பெயிண்டு அடிக்கச் சொன்ன ஆபீஸ் சாருக்கு ஒரு போன் போட்டு, இது வேண்டாம் சார், வாசல் கேட்டுக்கிட்ட ஒண்ணு கெடக்குல்ல, அத எடுத்துக்கோங்கன்னு சொன்னா என்ன? அது இதவிட நீளம். பட்டையும் கணுவும் அப்படியே தெரியும். வெறகுன்னு நெனச்சு கோடாலியப் போட்டு, வாய் மழுங்கிப் போனவுக இருக்காக. இதுல என்ன இருக்கு? ஒரு பக்கம் விரிசல் வேற.

கல்மரம்னு போர்டு வச்சது இப்பத்தான். எங்களுக்கு இது கடலைக் காடு. புறம்போக்குதான், இல்லன்னு சொல்லல. மாமனாரு காலத்துல இருந்து கடலை போட்டோம். கலப்பை போற எடமெல்லாம் கல்லு இடிக்கும், வஞ்சிக்கிட்டே தட்டி ஓட்டுவோம். பொறவு ஆளுக வந்தாக, பாத்தாக, வேலி போட்டாக. பல லட்சம் வருசத்துக்கு முந்தி நின்ன மரம்னா சும்மாவா, காபந்து பண்ணத்தான வேணும். எனக்கும் கேட்டு தொறக்கிற வேலை குடுத்தாக. எங்க வீட்டுக்காரரு செட்டியார்பட்டிக்குத் தறிக்குப் போறாரு. அவரு இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல.

ஏன் இதையே எடுக்காகன்னா, அது ஒரு கூத்து டீச்சர். மத்த கல்லெல்லாம் பாருங்க, மலையில இருந்து கெழக்காம நீட்டிப் படுத்திருக்கு. ஆத்துத் தண்ணி இழுத்துட்டு வந்த மரம் அப்படித்தான் கெடக்குமாம். இது மட்டும் குறுக்க கெடக்கு. அந்த சாரு குனிஞ்சு பாத்தாரு, படுத்துப் பாத்தாரு. ஆதி காலத்துல ஒரு பெரிய வெள்ளம் வந்து இதப் பொரட்டிப் போட்டிருக்கு, இது ரொம்ப அபூர்வம்னாரு. அக்கா ஒங்க பேரு என்னன்னு கேட்டாரு. வெள்ளத்தாயின்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கல. அப்ப நீங்கதான் பொரட்டியிருப்பீங்கன்னாரு. நானும் சிரிச்சு வச்சேன்.

எடுக்க வேண்டாம்னு சொல்லாம இருப்பேனா? சொன்னேன். ஆனா புத்தி கெட்டுப்போயி, இது சாமிக்கல்லு சார்னுட்டேன். அன்னைக்கு வாயில அதுதான் வந்துச்சு. அதுக்கு முந்துன வாரந்தான் ஒரு ஆளு தெக்க கெடக்கிற கல்லுல மஞ்சத்துணியச் சுத்தி உண்டியல் வச்சு, ரகளையாகி, போலீசு வந்து பிரிச்சுச்சு. சாரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நீங்களுமாக்கான்னு கேட்டுட்டு பெயிண்ட அடிக்கச் சொல்லிட்டாரு. இனி நான் எதச் சொன்னாலும் கதைன்னுதான நெனப்பாரு.

என்ன, போன் போகலையா? மலையோரம்லா, டவர் நிக்காது. அந்தக் கம்பிவேலி ஓரமா நின்னு பாருங்க. போகல, இல்ல? சரி விடுங்க. போனாலும் ஆர்டரு வந்தாச்சும்பாரு. அவரு மட்டும் என்ன செய்வாரு.

அப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பஸ்ஸு ஏறுனதும் டவர் கெடைக்கும். கல்லு போனாப் போகட்டும், தூக்குன எடத்துல வேற ஒரு கல்ல, நல்லாக் கனமான கல்லா, வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. கிரேன் நிக்கும்போதே வச்சாத்தான் உண்டு. இனிமே எங்களால பொரட்ட முடியாது. வெறும் எடமாக் கெடந்தா பன்னி வந்து கெளறிரும். செண்பகத்தோப்புப் பக்கம் தோட்டங்கள்ல பாத்திருப்பீக, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டுரும்.

ஆமா டீச்சர். வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரரும் நானும் கடப்பாரையப் போட்டு நெம்புனதுதான். எனக்கு அப்பப் பச்ச ஒடம்பு. நீ வராத, வீட்டுல கெடன்னாரு, நான் கேக்கல. கைப்பிள்ளைய எங்க ஆளுகள்ல எரிக்க மாட்டாக. காட்டுல பொதச்சு, நரி பன்னி அண்டாம மேல ஒரு கனத்த கல்லப் பொரட்டி வச்சிருவாக. பக்கத்துல அதுதான் கெடந்துச்சு. பொம்பளப் பிள்ளை. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. பொறவு அதப் பத்திப் பேசக் கூடாதும்பாக, நாங்களும் பேசல.

அத அப்படியே சாருகிட்டச் சொல்லியிருக்கலாம்தான். எம்புட்டோ நாளு வாய் வரைக்கும் வந்துச்சு. கல்லுக்கே பிரஷ்ஷ வச்சுத் தொடச்சுத் தொடச்சுத் தோண்டுறாக. கீழ எலும்பு இருக்குன்னா விடுவாகளா?

நேரமாச்சு, நீங்க போட்டா எடுத்துட்டுக் கெளம்புங்க, பஸ்ஸ விட்டுருவீக. கனமான கல்லா டீச்சர். மறந்துராதீக.